இருபத்து நான்கு புள்ளி ஒன்பது ஏழு

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்தால் லேசில் போகாது. 1991-இல் மெட்ராஸில் டெக்னிக்கல் சப்போர்ட் என்ற பெயரில் போன் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் மேல் வந்த கோபம் இன்றும் பாக்கி இருக்கிறது. அவரைத் திட்டித் தீர்த்துவிடலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அவரைத் திட்ட ஆரம்பித்தால் பாதியில் என்னையும் திட்டிக்கொள்ள வேண்டி வரும். பரவாயில்லை.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ஸ்ரீபெரும்புதூரில் வீடு. ஒரகடம் போகிற சாலையில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அந்தச் சாலையில் அன்றைக்குத் தொழிற்சாலை என்று சொல்ல எங்களுடையதைத் தவிர அதிகம் கிடையாது. பஸ் கண்டக்டர் எங்கள் நிறுத்தத்துக்கு "ஷெட்டு, ஷெட்டு" என்றுதான் குரல் கொடுப்பார். அங்கே வேலை பார்ப்பது கௌரவம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது பிடிக்காது.

நாங்கள் செய்தது புஷ். லாரியின் அடிப்பாகத்தில் எங்கேயோ போய் உட்காரும் விரல் நீள இரும்புக் குழாய். அதன் வெளிவிட்டம் 24.95 மில்லிமீட்டரிலிருந்து 24.99 வரை இருக்கலாம். 24.97 வந்தால் நட்டநடு மையம். அப்படி வந்தால் லேத்தில் நிற்பவர் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்.

எங்களிடம் புஷ் வாங்கிய வண்டிக் கம்பெனி ஒரு நாள், இனி ஒவ்வொரு லாட்டோடும் கம்ப்யூட்டரில் அடித்த இன்ஸ்பெக்‌ஷன் ஷீட் வந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதுவரை கையால் எழுதிய ஷீட்தான் போய்க்கொண்டிருந்தது. அதில் அவர்கள் ஒரு குறையும் சொன்னதில்லை. இருந்தாலும் கம்ப்யூட்டர் வேண்டுமாம். ஆகவே ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். கம்ப்யூட்டருக்காக ஒரு ஏசி, ஏசிக்காக ஒரு கண்ணாடி ரூம், ரூமுக்காக நான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். வைரஸ் செருப்பு வழியாக வரும் என்று வாட்ச்மேன் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். தூசி வராமல் இருந்தால் சரி என்று நானும் அதைத் திருத்தவில்லை.

அளவெடுப்பவர் ஒருவர் இருந்தார். முப்பது வயதிருக்கும். ஒரகடம் கூட்ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊர். வீட்டில் எல்லோரும் பயிர் செய்கிறவர்கள், இவர் மட்டும் ஐடிஐ படித்துவிட்டு இங்கே வந்திருந்தார். மைக்ரோமீட்டரை அவர் பிடிக்கிற பதமே தனி. புஷ்ஷை இரண்டு விரலில் நிறுத்தி, திருகை மூன்று முறை 'கிர்க்' என்று விட்டு, சட்டென்று எண்ணைச் சொல்வார். நான்கு வருடமாக டெம்பரரி. அந்த வருடம் பர்மனென்ட் ஆக்குவதாக மேனேஜர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். பர்மனென்ட் ஆர்டரைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கல்யாணத் தேதி என்று பெண் வீட்டார் சொல்லியிருந்தார்கள். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் கேன்டீனில் டீ ஊற்றுகிறவர் வரைக்கும் தெரிந்திருந்தது.

அவர் எழுதிக்கொடுக்கும் அளவுகளை நான் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். நான் எழுதிய புரோகிராம் ஒவ்வொரு எண்ணையும் பார்த்து, எல்லைக்குள் இருந்தால் 'ஓகே' என்றும் இல்லாவிட்டால் 'ரிஜெக்ட்' என்றும் அச்சடிக்கும். நாம் எழுதுகிற புரோகிராம் கம்ப்யூட்டருக்கு நேரடியாகப் புரியாது. அதை அதற்குப் புரிகிற மாதிரி மாற்றிக்கொடுக்க இன்னொரு மென்பொருள் வேண்டும், அதற்குத்தான் கம்பைலர் என்று பெயர். நான் படித்த இன்ஸ்டிட்யூட்டில் முதல் நாளே சொல்லிவிட்டார்கள்: புரோகிராம் தப்பாக ஓடினால் தப்பு உங்களுடையது, கம்பைலர் தப்பு பண்ணாது. நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

முதல் ஷீட் பிரிண்டரில் கறகறவென்று வந்தது. 24.95 ஓகே. 24.96 ஓகே. 24.97 ரிஜெக்ட். 24.98 ஓகே.

மேனேஜர் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"என்னம்மா இது? இருக்கறதுலயே நல்ல பீஸைத்தான் உன் மிஷின் வேணாங்குது."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. சரிபண்ணிவிடுகிறேன் என்றேன். மூன்று வாரம் என் புரோகிராமை வரி வரியாகப் பேன் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. இதற்கிடையில் லாட்டுகள் போய் வண்டிக் கம்பெனி கேட்டில் நின்றன. எண்ணைப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், பீஸ் நல்ல பீஸ் என்று. கேட்டில் இருப்பவர்கள் எண்ணைப் பார்க்க மாட்டார்கள். ஷீட்டில் ரிஜெக்ட் என்று ஒரு இடத்தில் இருந்தாலும் வண்டி உள்ளே போகாது. பேனாவால் அடித்துத் திருத்தலாம் என்றால், திருத்தினால் அது கையால் எழுதிய ஷீட் ஆகிவிடுமாம்.

நான்காவது வாரம் பொறுமை இழந்து இரண்டே வரியில் ஒரு புரோகிராம் எழுதினேன். 24.97-இலிருந்து ஒன்றைக் கழித்து, திரும்ப ஒன்றைக் கூட்டி, வருவது 24.97-தானா என்று கேட்டேன். மைனஸ் ஆறு என்றது. ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை கேட்டேன், பத்துத் தடவையும் மைனஸ் ஆறு. 24.96-ஐக் கேட்டேன், ஒழுங்காகப் பதில் சொன்னது. தப்பு என்னுடையது இல்லை என்று தெரிந்த அந்த நிமிஷத்தில் எனக்குக் கொஞ்சம் அழுகை வந்தது. கோபமும் அப்போதுதான் ஆரம்பித்தது.

கம்பைலரை விற்ற கடை மெட்ராஸில் இருந்தது. கம்பெனி போன் பாதி நாள் செத்துக் கிடக்கும். அதனால் பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த எஸ்டிடி பூத்துக்கு வந்து பேசுவேன். கடையில் டெக்னிக்கல் சப்போர்ட் என்பது ஒரே ஒரு ஆள். நல்ல குரல், அவசரமே படாத குரல்.

"மேனுவல் படிச்சீங்களா மேடம்?"

"முழுக்கப் படிச்சிட்டேன் சார்."

"இன்னொரு தடவை படிங்க மேடம்."

இது முதல் போன். இரண்டாவது போனில், வைரஸாக இருக்கும் என்றார். மூன்றாவது போனில் என் இரண்டு வரியை அவர் அங்கே ஓட்டிப் பார்த்துவிட்டு, "இங்க கரெக்டா வருதே மேடம், அப்ப எங்க சைடுல ப்ராப்ளம் இல்ல" என்றார். இந்தப் பதிலில் ஒரு நிறைவு இருந்தது, அவருக்கு. நான்காவது போனில்தான் பின்னால் லேத் ஓடுகிற இடம் என்று நான் ஏதோ பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன்.

"ஃபேக்டரியா? மொதல்லயே சொல்ல வேணாமா மேடம்? எர்த்திங் ப்ராப்ளம் அது."

எர்த்திங்குக்கும் கழித்தலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அதெல்லாம் போனில் சொல்லிப் புரியவைக்க முடியாது என்றார். மேனேஜரிடம் சொன்னால் சிரிப்பார் என்று பயந்துகொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கம்பைலர் என்றால் அவருக்கு ஒன்றும் தெரியாது, எர்த்திங் என்றால் தெரியும். மறுநாளிலிருந்து தோட்டக்காரர் தினமும் காலையில், மின்சார எர்த் கம்பி புதைத்திருந்த குழியில் ஒரு பிடி உப்பைப் போட்டு இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார்.

ஐந்தாம் நாள் வந்த ஷீட்டில் ஒரு ரிஜெக்ட்கூட இல்லை. ஆறாம் நாளும் இல்லை. கம்பெனியே சந்தோஷப்பட்டது. தோட்டக்காரருக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது, குழிக்கு இரண்டு குடம் என்பதை அவராகவே மூன்றாக்கினார். நான் பூத்துக்குப் போய் மெட்ராஸுக்கு போன் போட்டுச் சொன்னேன்.

"நான் சொன்னேன்ல மேடம்," என்றார்.

நான் அவருக்கு நன்றி சொன்னேன். அந்த நன்றியைத் திரும்ப வாங்க வழியில்லையே என்று இன்றைக்கும் இருக்கிறது.

ஆனால் உப்புத் தண்ணீர் ஊற்றிக் கணக்கு சரியானது என்பதை என் மனசு ஒப்பவில்லை. ஒரு மத்தியானம் நானாகவே 24.97 என்று தட்டிப் பார்த்தேன். ரிஜெக்ட். வந்த ஷீட்டுகளை எடுத்துப் புரட்டினேன். 96 இருந்தது, 98 இருந்தது. 97 ஓரிடத்திலும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நேரே இன்ஸ்பெக்‌ஷன் மேஜைக்குப் போனேன். அளவெடுப்பவர் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இப்பல்லாம் தொண்ணூத்தேழே வர்றதில்லையா?" என்று கேட்டேன்.

"வராம இன்னா மேடம், முக்காவாசி அதான் வருது."

"அப்ப ஷீட்ல காணோமே?"

"உங்க மிஷினுக்குத்தான் அந்த நம்பரு ஆவாதே. எதுக்கு அதும் வாயில மாட்டிக்கினுன்னு ஒண்ணு கம்மியோ ஒண்ணு ஜாஸ்தியோ போட்டுடறேன். பீஸு இன்னா மாறிடப் போவுது? நல்ல பீஸு நல்ல பீஸுதான். வண்டியும் கேட்ல நிக்கல, உங்களையும் தெனைக்கும் மேனேஜர் ரூமுக்குக் கூப்டு திட்டல, பாத்தீங்களா?"

என்னைத் திட்டுவது அவருக்குக் கேட்டிருக்கிறது. அதற்காகவும்தான் செய்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவரும் சிரித்தார். தோட்டக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள் என்றேன், பாவம் மனசு உடைந்துவிடும் என்றார். இப்படித்தான் அன்று அது முடிந்தது. அவரை நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. ஷீட் சுத்தமாகப் போனால் கம்பைலர் விஷயத்தை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது. நிம்மதியாக இருந்தது என்பதுதான் உண்மை.

நிதானமாகப் பார்த்ததில் இரண்டு மாதம் போயிற்று. கடைசியில் ஒரு ஃபிளாப்பியை நியூஸ் பேப்பரில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு மெட்ராஸுக்கே போனேன். அந்த நல்ல குரலுக்குச் சொந்தக்காரர் ஒல்லியாக, பயந்த முகத்தோடு இருந்தார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அவருடைய கம்ப்யூட்டரில் என் இரண்டு வரியை ஓட்டினோம். சரியாக வந்தது. அவர் என்னைப் பார்த்தார்.

பக்கத்து மேஜையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் தூங்கிக்கொண்டிருந்தது. அதில் ஓட்டச் சொன்னேன். அது டைப் அடிக்கிறவங்க மிஷின் மேடம் என்றார். பரவாயில்லை, கழிக்கத் தெரியுமா பார்ப்போம் என்றேன். ஓட்டினார். மைனஸ் ஆறு.

அவர் இரண்டு மிஷின்களின் மூடியையும் கழற்றினார். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவருடைய மிஷினில் கணக்குப் போடுவதற்கென்றே தனியாக ஒரு சிப் இருந்தது. அது இல்லாத மிஷினில் கம்பைலரே தன் கையால் கணக்குப் போட வேண்டும், போடும்போது சில எண்களில் தடுக்கி விழுகிறது. எங்கள் மிஷினில் அந்தச் சிப் இல்லை. சிப் இருக்கிற மிஷினில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனில் என்னிடம் சரியாக வருதே, சரியாக வருதே என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அப்ப என்ன பண்ணலாம் சார்?" என்றேன்.

"நீங்களும் அந்த சிப்பை வாங்கிடுங்க மேடம். எங்ககிட்டயே இருக்கு."

நான் அவரை அடிக்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் கம்பைலர் கம்பெனிக்கு இதை எழுதி அனுப்பச் சொல்லி, அவர் எழுதி முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் வரும்போதே வழி தோன்றிவிட்டது. புள்ளி வைத்த எண்ணே வேண்டாம், எல்லாவற்றையும் நூறால் பெருக்கி 2497 என்று முழு எண்ணாகவே வைத்துக்கொண்டால் கம்பைலர் தடுக்காது. மறுநாள் பத்து நிமிஷத்தில் மாற்றினேன். இன்ஸ்பெக்‌ஷன் மேஜைக்குப் போய், இனிமேல் வருகிறதை வருகிற மாதிரியே எழுதுங்கள் என்றேன். "அப்பாடா" என்றார் அவர். இனி எர்த் குழிக்கு உப்பும் தண்ணீரும் தேவையில்லை என்று மேனேஜரிடம் சொன்னேன், அவர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். கம்பைலருக்கு ஆகாத எண்ணை நான் சுற்றி வளைத்துப் போனேன், அதற்கு மூளை என்று பெயர் வைத்தார்கள்.

அந்தப் பெருமையில்தான் என் புத்தி கெட்டுப்போனது. வண்டிக் கம்பெனியின் தர அதிகாரி, மாதாமாதம் எந்த அளவு எத்தனை வந்தது என்று ஒரு படம் போட்டுக் காட்ட முடியுமா என்று கேட்டிருந்தார். முடியும் என்றேன். நட்சத்திரக் குறிகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு அளவுக்கும் ஒரு கோபுரம் எழும்புகிற மாதிரி அழகாக ஒரு புரோகிராம் எழுதினேன். அதற்கு முந்தைய இரண்டு மாதங்களின் அளவுகள் ஃபிளாப்பியில் இருந்தன. அவற்றையும் சேர்த்து அச்சடித்தேன். கோபுரம் நேராக நிற்கிறதா என்றுதான் பார்த்தேன். என்ன அச்சடிக்கிறேன் என்று ஒரு நொடி நிதானித்துப் பார்க்கவில்லை.

அதிகாரி நேரில் வந்திருந்தார். தாள்களை மேனேஜர் மேஜையில் வரிசையாகப் பரப்பினார். முதல் இரண்டு மாதப் படத்தில் 96-க்கும் 98-க்கும் பெரிய கோபுரங்கள். நடுவில் முன்பல் விழுந்த மாதிரி ஒரு ஓட்டை. மூன்றாவது மாதத்தில் அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் விட உயரமாக ஒரு கோபுரம்.

"ரெண்டு மாசம் ஒரு பீஸ்கூட தொண்ணூத்தேழு இல்ல. மூணாவது மாசம் எல்லாமே தொண்ணூத்தேழு," என்றார் அதிகாரி. "யார் அளவெடுக்கறது?"

அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். கேட்ட உடனே சொல்லிவிட்டார், மறைக்கத் தோன்றவே இல்லை.

"கம்ப்யூட்டர் அந்த நம்பரை எடுக்கல சார். அதான் பக்கத்து நம்பரு போட்டேன். பீஸெல்லாம் நல்ல பீஸு சார், வேணும்னா எடுத்து அளந்து பாருங்க."

"யார் சொல்லிப் போட்டே?"

"யாரும் சொல்லல சார். நானாத்தான்."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "உனக்கு இது தெரியுமாம்மா?"

நானும் அப்போது புரொபேஷனில்தான் இருந்தேன். இதை ஒரு காரணமாகச் சொல்லலாமா என்று இத்தனை வருடமாக யோசித்துப் பார்த்துவிட்டேன், சொல்ல முடியவில்லை.

"தெரியாது சார்," என்றேன்.

அளவெடுப்பவர் என்னைப் பார்க்கவில்லை. தரையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். அளவை மாற்றி எழுதுகிற ஆளை வைத்துக்கொண்டு உங்களிடம் எப்படிச் சரக்கு வாங்குவது என்று அதிகாரி கேட்டார். மேனேஜருக்கு அதற்கு மேல் வழியில்லை. டெம்பரரி ஆளை நிறுத்த ஒரு கடிதம்கூடத் தேவைப்படவில்லை. மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்றார்கள், அவர் வரவில்லை.

கார்த்திகையில் கம்பைலர் கம்பெனியிடமிருந்து, மெட்ராஸ் கடை வழியாக, என் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. வழவழப்பான தாளில் நான்கு வரி. குறிப்பிட்ட பிழை இருப்பது உண்மைதான், சுட்டிக்காட்டியதற்கு நன்றி. அடுத்த பதிப்பில் சரிசெய்யப்படும். அதுவரை வாடிக்கையாளர்கள் அத்தகைய எண்களைத் தவிர்த்து, அவற்றுக்கு மிக அருகில் உள்ள எண்களைப் பயன்படுத்திக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.

அதை மூன்று முறை படித்தேன். கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன். சாயங்கால பஸ்ஸில் கூட்டம் இல்லை. கூட்ரோட்டிலிருந்து வந்த அந்த பஸ்ஸில், எங்களிடம் அளவெடுத்தவர் இருந்தார். சட்டையில் சிமெண்ட் தூசி. ஏதோ கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னார். கல்யாணம் என்னாயிற்று என்று கேட்காமல் இருந்திருக்கலாம், கேட்டுவிட்டேன். பெண் வீட்டார் வேறு இடம் பார்த்துவிட்டார்களாம். அதைச் சொல்லும்போதும் அவர் குரலில் என்மேல் கோபம் எதுவும் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

கடிதத்தை எடுத்து நீட்டினேன். "இங்கிலீஸா? படிச்சு சொல்லுங்க மேடம்," என்றார். வரிக்கு வரி தமிழில் சொன்னேன். கடைசி வரியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"நான் போட்ட மாரியேதான் போடச் சொல்லிக்கிறாங்க," என்றார்.

"ஆமா."

"இத்த மேனேஜர்கிட்ட காட்டிட்டீங்களா?"

"இன்னிக்குத்தான் வந்துச்சு. காட்டணும்."

அவர் கடிதத்தை அதன் மடிப்பிலேயே மடித்து, தூசி படாமல் விரல் நுனியில் பிடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "மறக்காம காட்டுங்க மேடம்," என்றார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டார்.

காட்டினால் இந்த விஷயம் உனக்கு எப்போது தெரியும் என்று மேனேஜர் கேட்பார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று அன்று ராத்திரி யோசித்து, என்ன ஆனாலும் காலையில் காட்டிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் தூங்கினேன். காலையில் நான் போனவுடன் மேனேஜரே கூப்பிட்டு, சிரித்துக்கொண்டே என் பர்மனென்ட் ஆர்டரைக் கையில் கொடுத்தார். அந்தக் கடிதம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.